ஆவூர் அடிகளாரும் ஆத்மநாதர் கோயிலும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் வடமேற்கே, விராலிமலைப் பகுதியில் அமைந்த சிற்றூர் ஆவூர். பாஸ்கு நாடகத்தையும் உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டிய தேர்பவனியையும் காணச் சுற்றுவட்டார மக்கள் அங்குத் திரளுகின்றனர். அன்னை மரியாவுக்கு அவ்வூர் வழங்கும் பெயர் பெரியநாயகி. தஞ்சைப் பெரிய கோயிலிலும் விருத்தாசலத்திலும் அம்மனுக்கு வழங்கும் அதே பெயர்தான். 1747-ஆம் ஆண்டைச் சேர்ந்த கோயிலின் உயர்ந்த சுவர்களை வியந்து திரும்புகிறவர்களுள் பலர், அதற்கு அரை நூற்றாண்டு முன்பே இவ்வூரில் முதற் கோயிலை எழுப்பிய பிரெஞ்சு நாட்டு இயேசு சபைக் குரு ஒருவர், நம் நாட்டார் ஆன்மாவைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் கொண்டிருந்த கருத்துகளை ஐரோப்பிய அறிஞருக்கு எழுதித் தெரிவித்தவர் என்பதை அறியார். அவர் பெயர் வெனான்சியுஸ் புஷே.

புஷே அடிகளார் 1655-இல் பிறந்தவர். சயாம் நாட்டு மறைப்பணிக்கென வந்தவரை அங்கு 1688-இல் நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்பு இந்தியாவுக்குத் திருப்பிவிட்டது. மதுரை மறைப்பணித் தளத்தில் சேர்ந்தார். புனித அருளானந்தர் ஓரியூரில் தலை வெட்டுண்ட 1693-ஆம் ஆண்டில் அவர் இந்தத் தளத்தின் பணியாளராகவே இருந்தார். 1697-இல் ஆவூரில் கோயில் கண்டார். திருச்சியில் அப்போது இராணி மங்கம்மாளின் ஆட்சி. அவருடைய தளவாய் நரசப்பய்யாவைக் காணச் சென்ற அடிகளார் எடுத்துச் சென்ற காணிக்கைகளுள், நாடுகளின் பெயர்களும் கடல்களின் பெயர்களும் தமிழில் எழுதப்பட்ட உலக உருண்டை ஒன்றும் இருந்தது. பொன்னும் பட்டும் குவியும் அரண்மனைக்கு ஓர் ஆசிரியரின் கருவியைக் கொண்டுசென்ற மனிதர் அவர். நீதி வழங்கும் முறை, ஊர் வழக்கு, பழமொழி எனத் தாம் கண்டதையெல்லாம் குறித்துவைக்கும் வழக்கமும் அவரிடம் இருந்தது. 1732-இல் புதுச்சேரியில் மறைந்தார்.

அவர் எழுதிய மடல்களுள் இரண்டு நமக்கு இங்கு வேண்டியவை. இரண்டும் அவ்ரான்ஷ் மறைமாவட்டத்தின் முன்னாள் ஆயர் பியேர் டேனியல் ஹுவே என்பவருக்கு எழுதப்பட்டவை. ஹுவே, அக்காலப் பிரான்சின் பேரறிஞர். உலகத்துப் புறச்சமயக் கதைகள் அனைத்தும் மோசேயின் நூல்களிலிருந்து கிளைத்தவையே என்று நிறுவ 1679-இல் பெருநூல் ஒன்றை இயற்றியவர். அந்தக் கருத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து சான்று திரட்டித் தருவதே புஷேயின் நோக்கம். 1711-இல் பாரீசில் அச்சேறிய மறைப்பணியாளர் மடல் தொகுதியில் முதல் மடல் இடம்பெற்றது.

அந்த மடலில் அவர் முதலில் சொல்லுவது, இந்நாட்டார் கடவுள் இல்லை என்னும் கொள்கையினர் அல்லர் என்பதை. எல்லா நிறைவும் உடைய, தொடக்கமற்ற ஒரு பரம்பொருளை இவர்கள் ஒப்புக்கொள்ளுகிறார்கள். அதனைப் ‘பராபர வஸ்து’ என்று அழைக்கிறார்கள். பிரமன், திருமால், உருத்திரன் என்னும் மூவரும் அதற்குக் கீழ்ப்பட்டவர்களாகவே எண்ணப்படுகிறார்கள் என்று எழுதுகிறார். சிலை வழிபாட்டைக் கண்ட மாத்திரத்தில் முகம் சுளித்து ஊர் திரும்பிய பயணிகள் பலர் எழுதிய காலத்தில், தெருவில் காணும் வழிபாட்டுக்குப் பின்னால் நிற்கும் எண்ணத்தைத் தேடிச் சென்றவர் இவர் என்பதை மறுக்க இயலாது.

ஆனால் அடுத்த அடியிலேயே ஹுவேயின் கருத்து அவரை இழுத்துச் செல்லுகிறது. பிரமன் என்பது ஆபிரகாம் என்ற பெயரின் திரிபு என்கிறார். சரசுவதி, சாராள் ஆகிறாள். கண்ணன் கதையில் மோசேயைக் காண்கிறார். வெள்ளத்தில் தப்பிய சத்தியவிரதனில் நோவாவைக் காண்கிறார். இத்தனையும் பழைய எபிரேயரிடமிருந்து இந்தியர் பெற்று, காலப்போக்கில் உருக்குலைத்த செய்திகள் என்பது அவர் முடிவு. இன்று எந்த வரலாற்று அறிஞரும் இதனை ஏற்கமாட்டார். பெயரொலி ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு உறவு கட்டுவது மொழியியல் வளராத காலத்தின் பழக்கம். அதன் ஆபத்தும் விரைவிலேயே வெளிப்பட்டது. அதே பதினெட்டாம் நூற்றாண்டில் வோல்த்தேர் இந்தப் பெயரொற்றுமையைத் தலைகீழாகத் திருப்பினார்: இந்தியரே மூத்த குடியினர், ஆகவே பிரமனிடமிருந்துதான் ஆபிரகாம் வந்திருக்க வேண்டும் என்று வாதாடித் திருச்சபையைத் தாக்கினார். சமயங்கள் ஒன்று என்பதை அவற்றின் பிறப்பிடத்தைக் கொண்டு நிறுவ முயலும் எவருக்கும் இந்த இடர் உண்டு. எது தாய், எது சேய் என்னும் வழக்குத்தான் மிஞ்சும். எச்சமயத்தாரும் தம் சமயத்தைச் சேயாக்க இசையமாட்டார்.

இருப்பினும் அம்மடலில் ஓர் ஒப்புமை என்னை நிறுத்திவைத்தது. அரிச்சந்திரன் கதையை அவர் யோபுவின் கதையோடு சேர்த்துவைக்கிறார். தேவர் அவையில் ‘குற்றமற்ற அரசன் உண்டோ’ என்று கேள்வி எழுகிறது. வசிட்டர் அரிச்சந்திரனைக் காட்டுகிறார். விசுவாமித்திரர் சோதித்துப் பார்க்கப் புறப்படுகிறார். விண்ணவர் அவையில் யோபுவைக் குறித்து ஆண்டவருக்கும் சாத்தானுக்கும் இடையே எழும் உரையாடலை அறிந்தவர் எவரும் இந்த ஒற்றுமையைக் கண்டு வியப்பர். நாடு போயிற்று, மனைவி விலைப்பட்டாள், மகன் பாம்பு தீண்டி மாண்டான், மன்னன் சுடலை காக்கும் அடிமையானான். தமிழகத்து ஊர்ச் சுடுகாடுகளில் பிணத்தை இறக்கிவைத்து அரிச்சந்திரனிடம் விடைபெறும் வழக்கம் இன்றும் பல இடங்களில் உண்டு. அவன் இலக்கியத்தில் மட்டும் வாழ்பவன் அல்லன். நம் அண்டை வீட்டார் தம் இறந்தோரை எடுத்துச் செல்லும் வழியில் நிற்பவன்.

புஷே சொல்லாமல் விட்ட வேறுபாடு ஒன்றும் உண்டு. யோபு, கடவுளோடு வழக்காடுகிறார். தமக்கு நேர்ந்தது நீதியா என்று கேட்கிறார். தாம் செய்த பாவத்தின் விளைவே இத்துன்பம் என்று சொல்லும் நண்பர்களைக் கடிந்துகொள்ளுகிறார். அரிச்சந்திரனோ எவரையும் கேட்பதில்லை. அவன் காப்பது தான் கொடுத்த சொல்லை. யோபுவின் வழக்கு ஒருவரோடு. அரிச்சந்திரனின் உறுதி ஓர் அறத்தோடு. இரண்டும் பெருமை உடையன; இரண்டும் ஒன்றல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லிவிட்டால் இந்த வேறுபாட்டைப் பார்க்கும் கண் மூடிக்கொள்ளும்.

இனி ஆன்மாவைப் பற்றிய செய்திக்கு வருவோம். அதற்கு ஆவூரிலிருந்து மாவட்டத்தின் எதிர்முனைக்கு, அறந்தாங்கிக்கு அப்பால் உள்ள ஆவுடையார்கோயிலுக்குச் செல்ல வேண்டும். பழம்பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனின் அமைச்சராகக் குதிரை வாங்கப் பொருளோடு வந்த மாணிக்கவாசகர், குருந்தமரத்தடியில் குருவைக் கண்டு தம்மை இழந்த இடம் என்பது சைவ மரபு. அங்குள்ள இறைவனின் பெயர் ஆத்மநாதர், அதாவது ஆன்மாவின் தலைவர். கருவறையில் இலிங்கம் இல்லை. ஆவுடையார் எனப்படும் பீடம் மட்டுமே உண்டு. எதிரே நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. அம்மனுக்கும் உருவம் இல்லை. திருவடிகளே வழிபாட்டுக்கு உரியவை. புழுங்கல் அரிசிச் சோற்றை வடித்துக் கொட்டி அதினின்று எழும் ஆவியையே இறைவனுக்குப் படைக்கின்றனர். ‘ஆவி’ என்ற சொல்லுக்கு உயிர் என்றும் பொருள் உண்டு அல்லவா? ‘இஸ்பிரீத்து சாந்து’ என்று செபித்து வந்த நாம், தூய ஆவியார் என்று தமிழில் சொல்லத் தொடங்கியபோது எடுத்துக்கொண்டதும் அந்தச் சொல்லைத்தான்.

சிலை நிறைந்த சமயம் என்று நாம் எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடும் ஒரு சமயம், சிற்பத் திறனில் உச்சம் தொட்ட ஒரு கோயிலுக்கு நடுவே இறைவனின் இடத்தை வெறுமையாக விட்டு வைத்திருக்கிறது. மண்டபத்துக் கற்கொடுங்கைகளின் நுட்பத்தைக் கண்டு வியந்துகொண்டே உள்ளே செல்பவர், உள்ளே காண்பது ஒரு பீடத்தை. ஆங்கிலிக்கக் குருவாகிய ஜி. யு. போப் தம் எண்பதாம் வயதில், 1900-இல், திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அவரை அந்த நூல் ஈர்த்ததில் வியப்பில்லை.

இந்தக் கோயில் சார்ந்த சைவ சித்தாந்தம் ஆன்மாவைப் பற்றி என்ன சொல்லுகிறது? பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் தொடக்கமற்றவை. பசுவாகிய ஆன்மா கடவுள் அன்று. கடவுளால் படைக்கப்பட்டதும் அன்று. ஆணவம், கன்மம், மாயை என்னும் கட்டுகளில் அது கிடக்கிறது. இறைவன் தன் அருளால் பிறவிகளினூடே அதனைப் பக்குவப்படுத்தி மீட்கிறான். மீண்ட ஆன்மா இறைவனோடு பிரிவற்று நிற்கும், ஆனால் இறைவனாகிவிடாது. ‘அருள்’ என்னும் சொல் இங்கு வகிக்கும் இடத்தைக் கண்ட கிறித்தவர் எவருக்கும் நெருங்கிய உறவினரைக் கண்டது போலத் தோன்றும். நெருங்கிய உறவினரிடையேதான் பாகப்பிரிவினை வழக்குகளும் வரும் என்பதை நினைவில் கொள்ளுதல் நலம்.

இதே மாவட்டத்தில் வேறொரு குரலும் ஒலித்தது. திருவரங்குளத்துக் காட்டில் 1738-இல் விசய ரகுநாதராயத் தொண்டைமான், சதாசிவ பிரம்மேந்திரரைக் கண்டார் என்பது புதுக்கோட்டை அரச மரபின் செய்தி. துறவி வாய்பேசா நோன்பினர். மன்னருக்குரிய உபதேசத்தை மணலில் எழுதிக் காட்டினாராம். அம்மணலை மன்னர் அள்ளிச் சென்று அரண்மனையில் வைத்துப் போற்றினார் என்பர். ‘ஆத்ம வித்யா விலாசம்’ என்னும் வடமொழி நூலை இயற்றிய இத்துறவி அத்வைதி. அவர் நெறியில் ஆன்மா கடவுளின் அடிமையும் அன்று, பிள்ளையும் அன்று. உள்ளது ஒன்றே, பல என்று தோன்றுவது அறியாமையால். பல குடங்களில் உள்ள நீரில் பல கதிரவன்கள் தெரிந்தாலும் வானத்தில் உள்ளவன் ஒருவனே என்பது அந்நெறியாரின் பழைய உவமை.

ஆக, ‘இந்து சமயத்தின் ஆன்மக் கொள்கை’ என்று ஒருமையில் பேசுவதே பிழை. ஆவுடையார்கோயிலும் திருவரங்குளமும் ஒரே மாவட்டத்தில் இருந்துகொண்டு ஒன்றையொன்று மறுக்கின்றன. திருச்சியில் நாயக்கர் அரண்மனையில் பணி செய்த தாயுமானவர், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில், வேதாந்தமும் சித்தாந்தமும் சமரசம் காண முடியும் என்று பாடியதற்குக் காரணம் இந்தப் பிணக்கே. சமரசம் என்னும் பேச்சு, நம் நாட்டில், வேற்றுச் சமயங்களை இணைக்க எழுவதற்கு முன்பு, ஒரே வீட்டுச் சண்டையைத் தீர்க்க எழுந்தது. ‘பராபரமே’ என்று முடியும் அவருடைய கண்ணிகளை இன்று நம் இல்லங்களிலும் பலர் அறிவர். புஷே தம் மடலில் குறித்த சொல்லும் அதுதான். தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்த புராட்டஸ்தாந்தரான பப்ரிசியுஸ் கடவுளுக்குப் ‘பராபரன்’ என்று பெயர் வைத்தார். நம் முன்னோர் ‘சருவேசுரன்’ என்றனர். பெயர்கள் வேலி தாண்டிப் போய்வந்துகொண்டே இருந்திருக்கின்றன.

ஆன்மாவைப் பற்றி இந்நாட்டாரோடு முறையாக வாதாடியவர் புஷே அல்லர். அவருக்கு முன் வந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி. 1606-இல் மதுரைக்கு வந்தவர். ‘ஆத்தும நிர்ணயம்’ என்று ஆன்மாவைப் பற்றித் தமிழில் தனி நூல் செய்தார். மறுபிறவிக் கொள்கையை மறுத்தும் எழுதினார். ஆன்மா கடவுளின் ஒரு கூறு அன்று. ஒவ்வொரு ஆன்மாவும் கடவுளால் படைக்கப்பட்டு ஓர் உடலுக்கென்றே அமைவது. ஒரே பிறவி, ஒரே சாவு, பின் தீர்ப்பு. புனித தோமா அக்குவினாவின் மெய்யியலை வடமொழிச் சொற்களால் தமிழில் சொல்ல அவர் பட்ட பாட்டை அந்நூலைப் புரட்டியவர் உணர்வர். ஹுவேக்கு எழுதிய இன்னொரு மடலில் புஷே இதே மறுபிறவிக் கொள்கையை எடுத்துக்கொண்டு, அதனைப் பித்தாகரசு, பிளாட்டோ ஆகிய கிரேக்கரின் கருத்துகளோடு ஒப்பிடுகிறார்.

மறுபிறவிக்கு இந்நாட்டார் காட்டிய காரணங்களுள் வலிமையானது எதுவென்றால், பிறப்பின் ஏற்றத்தாழ்வு. ஒரு குழந்தை அரண்மனையிலும் ஒரு குழந்தை குடிசையிலும், ஒன்று கண்ணோடும் ஒன்று கண்ணின்றியும் பிறப்பது ஏன்? முற்பிறவி வினை என்றால் கடவுள் மீது பழி இல்லை. இல்லையென்றால் கடவுள் ஓரவஞ்சனை உடையவர் ஆகிறார். இது எளிய கேள்வி அன்று. யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் சீடர்களே, பிறவிக் குருடரைச் சுட்டி, பாவம் செய்தது இவரா இவர் பெற்றோரா என்று ஆண்டவரைக் கேட்கின்றனர். இருவருமில்லை என்று ஆண்டவர் மறுத்துவிடுகிறார். விளக்கம் தந்து நிறுத்திவிடவில்லை. சேறு உண்டாக்கிக் கண்களில் பூசி, அம்மனிதரைப் பார்வை பெறச் செய்கிறார்.

சாதியால் தாழ்த்தப்பட்டவன் தன் பழவினையால் அங்குப் பிறந்தான் என்னும் பேச்சுக்கு எதிராக, ஒவ்வொரு ஆன்மாவும் கடவுளின் கையிலிருந்து புதிதாகவே வருகிறது என்னும் போதனை எத்துணை விடுதலையை உள்ளடக்கியது! நொபிலியும் புஷேயும் கற்பித்த கோட்பாட்டில் அந்த விடுதலை இருந்தது. நடைமுறையில் அது இருந்ததா? மதுரைத் தளத்தில் உயர் சாதியாருக்குச் சந்நியாசிகள், மற்றவர்க்குப் பண்டாரசுவாமிகள் என்று பணியாளரே இரு வகையினர். 1704-இல் புதுச்சேரியில் திருத்தந்தையின் தூதர் துர்னோன் வெளியிட்ட ஆணை, திருநீறு, தாலி, சடங்குகள் ஆகியவற்றைக் கண்டித்ததோடு, நோயுற்ற பறையர் கிறித்தவரின் வீட்டுக்குள்ளேயே சென்று குருக்கள் அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அந்த ஆணைக்கு எதிராக உரோமையில் முறையிடச் சென்ற இருவருள் ஒருவர் புஷே. மற்றவர் லைனஸ் அடிகளார்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். அவ்வாணை நாட்டு வழக்கங்கள் பலவற்றை அறியாமலேயே எழுதப்பட்டது. தாலியையும் பொட்டையும் மதச் சின்னங்களாக மட்டும் கண்டது. அதனை எதிர்த்ததில் புஷேக்குத் தமிழ் வாழ்வின் மீது இருந்த மதிப்பு விளங்குகிறது. ஆனால் அதே மூட்டைக்குள் குடிசை வாசற்படியும் கட்டப்பட்டிருந்தது. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பர் இவ்வழக்குக்கு முடிவு கட்டியபோதும், தாழ்த்தப்பட்ட கிறித்தவர்க்கெனத் தனிக் குருக்களை ஏற்படுத்துவதே வழியாகக் கைக்கொள்ளப்பட்டது. ஆன்மா அனைத்தும் கடவுளின் நேரடிப் படைப்பு என்று ஏட்டில் எழுதிய கைகளே, அந்த ஆன்மாக்களுக்குத் தனித்தனி வாயில் வைத்தன. கன்மக் கொள்கையை வாதத்தில் வென்றோம் என்று நாம் பெருமை கொள்ளுமுன், கல்லறைத் திருநாளில் மெழுகுதிரியோடு செல்லும் நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் எத்தனை இன்றும் சாதிக்கொன்றாகப் பிரிந்து கிடக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-இல் கிறித்தவமல்லாச் சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, இந்து சமயத்தைப் பெயர் சொல்லி மதித்தது. அச்சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றது. எல்லாச் சமயமும் ஒன்றே என்று அது சொல்லவில்லை. எபிரேயரிடமிருந்து வந்ததா என்று பூர்வீகம் விசாரிக்கவும் இல்லை. புஷேக்குக் கிடைக்காத வழி இது. ஒப்புக்கொள்வதற்கு முன் உறவு நிறுவவேண்டிய தேவை இங்கு இல்லை.

சங்கத்துக்கு முன்னரே அவ்வழியில் நடந்த ஒருவர் நம் பக்கத்திலேயே வாழ்ந்தார். குளித்தலையில் பங்குப் பணி செய்த பிரெஞ்சுக் குரு மோன்சனேன் அடிகளார், ஆன்றி லெ சோ என்னும் பெனடிக்ட் சபைத் துறவியோடு சேர்ந்து, 1950-இல் தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார். சத்து, சித்து, ஆனந்தம் என்னும் வேதாந்தச் சொல்லில் மூவொரு இறைவனின் சாயலைக் கண்டனர் இருவரும். லெ சோ திருவண்ணாமலையில் இரமணரைக் கண்டவர். அத்வைத அனுபவத்தில் மேலும் மேலும் ஆழ்ந்தார். மோன்சனேன் வேறு போக்கினர். மூவொரு இறைவனின் உள்ளே உள்ள அன்புறவு, இரண்டற்ற ஒன்றில் கரைந்துபோக இயலுமா என்னும் தயக்கம் அவரை விடவில்லை. எளிதில் இணைத்துவிடும் துணிவு அவருக்கு வரவில்லை; அதற்காக ஆசிரமத்தை விட்டு விலகவும் இல்லை. கேள்வியோடு அங்கேயே இருந்தார். நோயுற்றுப் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1957 அக்டோபரில் பாரீசில் இறந்தார்.

ஆசிரமத்தில் அவர் தமக்கென ஏற்றிருந்த பெயர் பரம அரூபி ஆனந்தம். அரூபி என்றால் உருவமற்றவர். தூய ஆவியாரை எண்ணி அவர் தேர்ந்த பெயர் அது.